விசா கேட்காத ஊர்

வெளிநாட்டில் குடியேறப் போகிறவர்களுக்கு விசா அதிகாரிதான் முதல் தெய்வம். கோவில்பட்டியில் எங்கள் தெருவிலிருந்து துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கனடாவுக்கும் கிளம்பிய எல்லாரும் அந்தச் சன்னிதியில் காத்துக் கிடந்தவர்கள்தான். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, கல்யாணச் சான்றிதழ் போதாதென்று மாமனார் வீட்டுப் பத்திரத்தையும் கொண்டுபோய் நீட்டியவர்களை எனக்குத் தெரியும். அதனால், "நாம போற ஊர்ல குடியிருக்க விசாவே வேண்டாம்" என்று என் கணவர் சொன்னபோது, மனுஷன் ஏதோ ஏஜெண்டிடம் மாட்டிக்கொண்டார் என்றுதான் நினைத்தேன்.

அப்படி எதுவும் இல்லை. அந்த ஊரின் பெயர் லாங்யியர்பியன். நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் கிடக்கும் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் தலைமையிடம். பெத்த பேர்தான், சுமார் 2,500 பேர் வாழும் ஒற்றைப் பள்ளத்தாக்கு. 78-வது வட அட்சரேகையில் இருக்கிறது. அங்கிருந்து வடதுருவம் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். மரம் என்று ஒன்று அந்தத் தீவுகளில் கிடையாது. துருவ வில்லோ என்றொரு செடி உண்டு. வில்லோ மரங்களின் சொந்தம்தான். சில விரற்கடை உயரத்துக்குமேல் எழும்பாது. கவனிக்காமல் நடந்தால் மிதித்துவிட்டுப் போய்விடுவோம்.

முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1920 பிப்ரவரி 9 அன்று பாரிசில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அதுவரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் கிடந்த இந்தத் தீவுகள் நார்வேக்கு என்று முடிவாயிற்று. ஆனால் சும்மா கொடுத்துவிடவில்லை. கையெழுத்திட்ட நாடுகளின் மக்கள் எல்லாரும் அங்கே போகலாம், மீன் பிடிக்கலாம், சுரங்கம் வெட்டலாம், தொழில் செய்யலாம். நார்வேக்காரருக்கு ஒரு நியாயம், மற்றவருக்கு ஒரு நியாயம் என்று இருக்கக் கூடாது. இந்தியாவின் பேரிலும் அதில் கையெழுத்து விழுந்திருக்கிறது. போட்டவர் பிரிட்டிஷ் பிரபு என்பது வேறு விஷயம். நமக்குச் சுதந்திரம் வருவதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்பே வடதுருவத்தின் பக்கத்தில் தொழில் செய்யும் உரிமை எழுத்தில் வந்துவிட்டது! நார்வே இன்னும் ஒரு படி மேலே போய், ஒப்பந்தத்தில் இல்லாத நாட்டவரிடமும் குடியிருப்பு அனுமதி கேட்பதில்லை.

கேட்பது வேறொன்று: உன் செலவை நீயே பார்த்துக்கொள்வாயா? வேலை போனாலும் நோய் வந்தாலும் வீடு போனாலும் அங்கே அரசு தாங்காது. கைச்செலவுக்கு வழியில்லாதவரை ஆளுநர் ஊரைவிட்டு அனுப்பிவிடலாம். நார்வேக்காரருக்கும் இதே விதிதான். ஆனால் அவர் தாய்நாட்டில் இறங்கியதும் அரசின் எல்லா உதவியும் அவருக்குக் கிடைத்துவிடும். நமக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை.

என் கணவர் மண் ஆராய்ச்சிக்காரர். ஆண்டு முழுவதும் உருகாத உறைமண்தான் அவருக்குச் சோறு போடுகிறது. லாங்யியர்பியனில் 1993-இல் தொடங்கிய பல்கலைக்கழக மையம் ஒன்று இருக்கிறது. அங்கே ஓர் ஆய்வுத் திட்டத்தில் இடம் கிடைத்தது. நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். வேலையை விட்டேன். "அங்க போயி நீ என்னட்டி செய்வ?" என்று அம்மா கேட்டாள். "பாத்துக்கலாம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

ஒஸ்லோவில் இரண்டு நாள் தங்கினோம். மசாலாப் பொடி வாங்க ஒரு தமிழ்க் கடைக்குப் போனோம். கடைக்காரர் யாழ்ப்பாணத்துப் பெரியவர். 1980-களில் இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் பலர் நார்வேயின் வடகோடியில், ஃபின்மார்க் பகுதி மீன் ஆலைகளில் கத்தி பிடித்தவர்கள். இவரும் அந்தக் கூட்டம்தான். நாங்கள் போகும் ஊரைச் சொன்னதும் பில் போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "நாங்கள் வடக்கையிருந்து தெற்கை ஓடி வந்தனாங்கள். நீங்கள் வடக்குக்கும் மேலை போறியள். அங்கை என்ன இருக்கு தங்கச்சி?" என்றார். பிறகு, புளிப் பொட்டலம் ஒன்றைக் காசு வாங்காமல் பையில் போட்டு, "இருட்டுக் காலத்திலை மீன் எண்ணெய் குடியுங்கோ, மறந்திடாதேங்கோ" என்றார். அந்த ஊருக்குக் கிடைத்த புத்திமதிகளில் இன்றுவரை உருப்படியானது அதுதான்.

வட நார்வே நகரமான ட்ரோம்சோவில் விமானத்திலிருந்து எல்லாரையும் இறக்கிப் பாஸ்போர்ட் பார்த்தார்கள். ஸ்வால்பார்ட் நார்வேயின் மண். ஆனால் ஐரோப்பிய நாடுகளின் பொது விசா எல்லையான ஷெங்கன் வட்டத்துக்கு வெளியே இருக்கிறது. சூட்சுமம் இங்கேதான். தீவில் குடியிருக்க விசா வேண்டாம். தீவுக்குப் போகும் வழி ஷெங்கன் நாட்டின் ஊடே போகிறதே, அதற்கு வேண்டும். திரும்பி வரும்போதும் அந்த வழிதான் என்பதால் இரண்டு முறை நுழைய அனுமதிக்கும் விசா எடுக்க வேண்டும். விசா அதிகாரி என்ற தெய்வத்தை நாங்களும் கும்பிட்டுவிட்டுத்தான் போனோம்.

செப்டம்பர் கடைசியில் இறங்கினோம். பெட்டிகள் சுற்றிவரும் பட்டையின் நடுவில், பஞ்சடைத்த பனிக்கரடி ஒன்று நிற்கிறது. வெளியே வந்தால் மொட்டை மலைகள். உச்சி எல்லாம் வெட்டியெடுத்த மாதிரித் தட்டை. ஒரு பக்கம் கடல் உள்ளே புகுந்து கிடக்கிறது. மலைச்சரிவில் பழைய கரிச் சுரங்கத்தின் மரச் சட்டங்கள் கறுத்துப்போய் நிற்கின்றன. ஊர் பிறந்ததே கரியால்தான். ஜான் மன்ரோ லாங்யியர் என்ற அமெரிக்கர் 1906-இல் இங்கே சுரங்கம் தொடங்கினார். ஊருக்கு அவர் பெயரே நின்றுவிட்டது. 1916-இல் நார்வே நிறுவனம் ஒன்று வாங்கிக்கொண்டது. இந்தப் பள்ளத்தாக்கை நூறு வருடத்துக்கு மேல் கரிதான் வாழவைத்தது. 2023-இல் ஊரின் மின்நிலையம் கரியிலிருந்து டீசலுக்கு மாறியது. கடைசியாக ஓடிக்கொண்டிருந்த 7-ஆம் எண் சுரங்கத்தையும் 2025 கோடையில் மூடிவிட்டார்கள்.

கரி போன பிறகும் அது விட்டுச்சென்ற ஒரு பழக்கம் போகவில்லை. ஹோட்டல், அருங்காட்சியகம், அலுவலகம், எங்கே நுழைந்தாலும் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். சுரங்கத் தொழிலாளிகள் கரித்தூளோடு வீட்டுக்குள் வரக் கூடாது என்று தொடங்கியது. நமக்கு இது புதிதா என்ன? ஐரோப்பிய விருந்தினர்கள் சாக்ஸில் ஓட்டையை மறைத்துக்கொண்டு சங்கடப்படும்போது, நான் மட்டும் ரொம்ப இயல்பாகக் கழற்றிவிட்டு உள்ளே போவேன். அந்த ஊரில் எனக்கு முதலில் சொந்தமானது அந்த வாசல்படிதான்.

பல்கலைக்கழக மையமே வீடு கொடுத்தது. அந்த ஊரில் வீடு என்பது பெரும்பாலும் வேலையோடு ஒட்டிக்கொண்டு வருவது. வேலை போனால் வீடும் போகும். வாடகைக்குத் தனியாகத் தேடினால் கிடைப்பது அபூர்வம், கிடைத்தாலும் யானை விலை. வீடுகள் எல்லாம் மரக்கால்களின்மேல் நிற்கின்றன. நேரடியாக மண்மேல் கட்டினால் வீட்டின் சூட்டில் உறைமண் இளகி, வீடு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும்கூட மண்ணுக்குள் போகாமல், கனத்த உறை போர்த்திக்கொண்டு தரைக்குமேலே ஓடுகின்றன. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வீடுகளுக்கு அடித்த வண்ணம் இருட்டுக் காலத்தில் தெரியாது. பிப்ரவரியில் வெளிச்சம் வந்த பிறகுதான் எங்கள் பக்கத்து வீடு நீலம் என்றே கண்டுபிடித்தேன்.

வேலைக்கு வருவோம். ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை கிடைத்தது. வகைநுண்கணிதம் நடத்திய கை, மெத்தை விரிப்பின் மூலையை நாற்பத்தைந்து பாகையில் மடிக்கக் கற்றுக்கொண்டது. கூட வேலை பார்த்தவர்களில் நார்வேக்காரர் ஒருவர்கூட இல்லை. தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், லாட்வியா, கூட நான். ஊர் மொத்தத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாட்டவர்கள் இருக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளிநாட்டவர். தாய்லாந்துப் பெண்கள் சுரங்கத் தொழிலாளிகளைக் கல்யாணம் செய்துகொண்டு வரத் தொடங்கி, அக்கா தங்கைகளை வரவழைத்து, இன்று அவர்களே பெரிய கூட்டம். எனக்குப் பச்சை மிளகாயும் நல்ல அரிசியும் கிடைத்தது அவர்கள் புண்ணியத்தில்தான். அம்மாவிடம் "ஹோட்டல்ல வேலைம்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் தெருவில் "மக மேனேஜரா இருக்கா" என்று சொல்லிவிட்டாள். நானும் மறுக்கவில்லை.

பகுதி நேர வேலைதான் என்றாலும் ஊரில் பதிவு செய்ததும் எனக்கு ஓர் அட்டை வந்தது. மாதத்துக்கு இத்தனை பீர், இத்தனை புட்டி சாராயம் என்று அளவு வைத்து, வாங்கும்போதெல்லாம் குறித்துக்கொள்ளும் அட்டை. சுரங்கக் காலத்தில் தொழிலாளிகள் குடித்தே அழிந்துவிடக் கூடாது என்று வைத்தது, இன்னும் இருக்கிறது. என் பெயருக்கென்று தனியாக வந்த முதல் ரேஷன் அட்டை சாராயத்துக்கு வந்தது. அப்பாவுக்கு மட்டும் படம் எடுத்து அனுப்பினேன்.

அக்டோபர் தொடக்கத்திலேயே தெற்கு மலைகள் சூரியனை மறைத்துவிட்டன. 26-ஆம் தேதியோடு தொடுவானத்துக்கு மேலே வருவதையும் சூரியன் நிறுத்திக்கொண்டது. அதன் பிறகும் சில நாள் மத்தியானத்தில் கொஞ்சம் நீலம் கசியும். நவம்பர் நடுவில் அதுவும் நின்றது. அங்கிருந்து ஜனவரி கடைசிவரை, பன்னிரண்டு மணி பகலுக்கும் பன்னிரண்டு மணி இரவுக்கும் கண்ணால் வித்தியாசம் காண முடியாது. இருட்டு என்றால் பயப்படும்படியான இருட்டு இல்லை. நிலா இருக்கும் நாட்களில் அது மறையாமல் வானத்தையே சுற்றிக்கொண்டிருக்கும்; பனி அதை வாங்கி மலைகளில் வீசும். காலையில் பல் விளக்கிக்கொண்டு ஜன்னலைத் திறந்தால் தலைக்குமேல் பச்சை ஒளி நெளியும். நார்வே நிலப்பகுதியில் வட ஒளியை இரவில்தான் பார்ப்பார்கள். இங்கே பகலிலும் பார்க்கலாம், பகல்தான் இல்லையே! முதல் வாரம் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். டிசம்பரில், "வந்துட்டியா" என்று சொல்லிவிட்டுக் குக்கரைப் பார்க்கப் போய்விட்டேன்.

"ஏட்டி, அங்க மணி என்ன?"

"மத்தியானம் ஒண்ணும்மா."

"பொறவு ஏன் இருட்டாக் கெடக்கு?"

"இங்க இப்ப ராத்திரிதாம்மா."

"மத்தியானம்ங்கே, ராத்திரிங்கே. ஒடம்புக்கு என்னமும் செய்யுதா?"

உடம்புக்குச் செய்யத்தான் செய்தது. பசி நேரம் தவறும். தூக்கம் வரும்போது வராது. வரக் கூடாத நேரத்தில், குளியலறைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது கண்ணைச் செருகும். உள்ளூர்க்காரர்கள் கடிகாரத்தைத்தான் நம்புகிறார்கள். ஏழுக்கு எழு, பன்னிரண்டுக்குச் சாப்பிடு, சனிக்கிழமை யார் வீட்டுக்காவது போ. அழைப்பில்லாமல் போகலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. நான் திங்கள்தோறும் தோசைக்கு அரைக்க ஆரம்பித்தேன். மாவு புளிக்க ரேடியேட்டர் பக்கம் வைப்பேன். செவ்வாய் மாலை எங்கள் வீட்டுக்கு லாட்வியாக்காரியும் தாய்லாந்துக்காரியும் வந்தால் இன்று செவ்வாய் என்று தெரிந்துவிடும். யாழ்ப்பாணத்துப் பெரியவர் சொன்ன மீன் எண்ணெயையும் விடவில்லை.

கரடி பற்றிச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றி எழுத முடியாது. ஸ்வால்பார்டில் நிலையாகத் தங்கும் பனிக்கரடிகள் சுமார் 300. ஊர் எல்லையில், கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கரடி வரைந்த முக்கோணப் பலகை நிற்கிறது. எச்சரிக்கை ஸ்வால்பார்ட் முழுமைக்கும் என்று அதன் அடியில் எழுதியிருக்கும். அதைத் தாண்டிப் போவதானால் கரடியை விரட்ட ஏதாவது கையில் இருந்தாக வேண்டும், துப்பாக்கி வைத்திருப்பது நல்லது என்பது விதி. மண்ணைப் படிக்க வந்த என் கணவர் மண்டியிட்டுத் துப்பாக்கி சுடப் பயிற்சி எடுத்தார். கடை வாசலில் துப்பாக்கியோடு உள்ளே வராதீர்கள் என்று பலகை உண்டு. 2020 ஆகஸ்டில் விமான நிலையத்தை ஒட்டிய கூடார முகாமில், தூங்கிக்கொண்டிருந்த ஒருவரைக் கரடி கொன்றுவிட்டது. விமானம் இறங்கும் இடம், பஸ் வரும் இடம். அதனால்தான் பலர் வீட்டுக் கதவையும் வண்டிக் கதவையும் பூட்டுவதில்லை, யாராவது ஓடிவந்து நுழைய வேண்டியிருக்கலாம் என்று சொல்வார்கள். நான் இருந்தவரை கரடியை நேரில் பார்க்கவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. கலைமான்களைத் தினமும் பார்த்தேன். குட்டைக் கால், கட்டை முகம், சமையலறை ஜன்னலுக்கு வெளியே பனியைக் காலால் பறித்துப் பாசியைத் தேடிக்கொண்டு, என்னைச் சட்டையே செய்யாமல் நிற்கும்.

விமான நிலையத்துக்குமேல் மலைச்சரிவில் ஒரு கான்கிரீட் ஆப்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. உலக விதைப் பெட்டகத்தின் வாசல் அதுதான். 2008 பிப்ரவரி 26 அன்று திறந்தார்கள். வாசலின் தலையில் பதித்த கண்ணாடியும் எஃகும் இருட்டில் பச்சையாக மினுங்கும். உள்ளே யாரையும் விடுவதில்லை. மலைக்குள் நூறு மீட்டருக்கு மேல் குடைந்து, மைனஸ் 18 பாகைக் குளிரில் உலகத்துப் பயிர்களின் விதைகளைப் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கிறார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மாதிரிகள். 45 லட்சம் வரை இடம் இருக்கிறது. ஹைதராபாத் பக்கம் பட்டாஞ்சேருவில் இருக்கும் இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் அனுப்பிய கம்பும் சோளமும் கேழ்வரகும் துவரையும் நிலக்கடலையும் அதில் உண்டு. நான் கரிசல்காட்டுப் பெண். என் தாத்தா அடுத்த மழைக்கென்று கம்பு விதையைச் சாம்பலும் வேப்பிலையும் கலந்து குலுக்கையில் போட்டு, வாயைச் சாணியால் மெழுகி வைப்பார். பட்டினி வந்தாலும் அதில் கை வைக்கக் கூடாது. அதே கம்புக்கு இங்கே ஒரு மலையையே குலுக்கையாக்கி வைத்திருக்கிறார்கள். தெரிந்த முகம் ஒன்று உள்ளே இருக்கிறது என்ற நினைப்பு அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் வரும்.

பெட்டகத்தில் என்னை ஈர்த்தது அதன் சட்டம். பெட்டியை அனுப்பியவர்தான் அதற்குச் சொந்தக்காரர். மலையும் வாசலும் நார்வேயுடையவை, பெட்டியை நார்வே திறக்காது. சிரியாவில் அலெப்போ அருகே இயங்கிவந்த விதை வங்கி போரில் சிக்கியபோது, அதை நடத்திய இகார்டா நிறுவனம் 2015-இல் தன் பெட்டிகளைத் திருப்பி எடுத்தது. மொராக்கோவிலும் லெபனானிலும் விதைத்துப் பெருக்கி, பிறகு மறுபடி கொண்டுவந்து வைத்தது. வரலாம், இருக்கலாம், எடுத்துக்கொண்டு போகலாம். அந்த ஊரில் விதைக்கும் இதுதான் நிலைமை, மனிதருக்கும் இதுதான்.

பிரசவத்துக்கு நாள் நெருங்கினால் சில வாரம் முன்பே தாயை ட்ரோம்சோவுக்கு அனுப்பிவிடுவார்கள்; ஊரில் இருப்பது சிறிய மருத்துவமனை, அவசரத்துக்கு மட்டும். முதியோர் இல்லம் கிடையாது. இந்த ஊரில் சாவதே சட்டவிரோதம் என்று எங்கோ படித்துவிட்டு அண்ணன் போனில் சிரித்தான். அப்படி ஒரு சட்டம் இல்லை. 1950 முதல் சவப்பெட்டி வைத்துப் புதைப்பதில்லை, அவ்வளவுதான். உறைமண் உறைந்தும் இளகியும் பெட்டியை மெல்ல மெல்ல மேலே தள்ளிவிடும். உள்ளே உடல் மக்கவும் மக்காது. 1918-இல் ஃப்ளூவில் இறந்த ஏழு இளைஞர்களின் கல்லறையை 1998-இல் ஓர் ஆய்வுக் குழு, அந்தக் கிருமியின் தடம் கிடைக்குமா என்று தோண்டிப் பார்த்தது. அந்த வெள்ளைச் சிலுவைகள் இன்றும் பள்ளத்தாக்கின் மேற்குச் சரிவில் வரிசையாக நிற்கின்றன.

பிறப்புக்கும் இடமில்லை, முதுமைக்கும் இடமில்லை. அதனால் அங்கே பரம்பரை ஊர்க்காரர் என்று யாரும் இல்லை. முதல் மாதத்தில் இதுதான் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. சென்னையில் வேலை பார்த்தபோதுகூட "நீங்க எந்த ஊரு?" என்ற கேள்வியில் ஒரு நிறுவை இருக்கும். இங்கே எல்லாருமே வந்தவர்கள். கேள்வி "எவ்வளவு நாளாச்சு?" என்பது மட்டும்தான். ஒரு குளிர்காலத்தைத் தாண்டியவர் மூத்தவர்.

எதிர்வீட்டில் ஒரு பழைய சுரங்கத் தொழிலாளி இருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் அந்தப் பள்ளத்தாக்கில் இருந்தவர். மரக்கால் வீட்டுக்கு ஏறும் இரும்புப் படியில் ஒரு ஜனவரியில் அவர் வழுக்கி விழ, நானும் கணவரும்தான் தூக்கி உட்காரவைத்தோம். மே மாதம் சாமான்களைக் கட்டினார். "முட்டி போச்சு. இனி இங்கே வேலை இல்லை. வேலை இல்லையென்றால் வீடு இல்லை" என்றார், வானிலை அறிவிப்பைப் போல. தென் நார்வேயில் அவர் பிறந்த ஊருக்குத் திரும்புகிறார். அங்கே அவருக்குத் தெரிந்தவர் யாரும் மிச்சமில்லை. அவர் கொடுத்த கம்பளிச் சட்டையை நான் இன்னும் போடுகிறேன். அது எனக்கு முழங்கால்வரை வரும்.

அவருக்காவது பென்ஷனும் ஓட்டும் உண்டு. 2022-இல் ஒரு விதி வந்தது. நார்வே நிலப்பகுதியில் மூன்று ஆண்டு குடியிருந்திராத வெளிநாட்டவர்கள் லாங்யியர்பியன் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போட முடியாது. பத்துப் பதினைந்து வருடமாக அதே ஊரில் வரி கட்டி, பிள்ளைகளை அதே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த தாய்லாந்துக் குடும்பங்கள் ஒரே நாளில் பார்வையாளர்கள் ஆகிவிட்டார்கள். தீவுகளில் நார்வேயின் பிடி தளராமல் இருக்க வேண்டும் என்பது அரசின் கவலை. மேற்கே பாரன்ட்ஸ்பர்கில் ரஷ்யர்கள் தங்கள் சுரங்க ஊரை இன்னும் விடாமல் வைத்திருக்கும்போது அந்தக் கவலை புரியாமல் இல்லை. ஆனால் அதன் செலவு, கழிப்பறை கழுவுகிறவர்கள் தலையில் விழுந்தது எனக்கு நியாயமாகப் படவில்லை. விசா கேட்காதது ஒரு பெருந்தன்மை என்று தொடக்கத்தில் நம்பியிருந்தேன். கேட்காத வரைக்கும் கொடுக்க வேண்டியதும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சரி, அந்த ஊரில் சந்தோஷமே இல்லையா என்றால், மார்ச் 8-ஐச் சொல்ல வேண்டும். பிப்ரவரி நடுவிலேயே சூரியன் தொடுவானத்தைத் தாண்டிவிடும். ஆனால் மலை மறைப்பதால் ஊருக்குள் எட்டாது. பழைய மருத்துவமனை இருந்த இடத்தில் படிக்கட்டு ஒன்று வைத்திருக்கிறார்கள். அதன்மேல் வெயில் விழுந்தால்தான் ஊருக்குச் சூரியன் வந்த கணக்கு. அன்று நண்பகலில் ஊரே அங்கே கூடும். பள்ளிப் பிள்ளைகள் முகத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு கத்துவார்கள். முதலில் எதிர்மலை உச்சியில் ஓர் ஆரஞ்சுக் கோடு. அது மெல்ல இறங்கி, கூரைகளில் நகர்ந்து, கடைசியில் படிக்கட்டுக்கு வந்தது. என் பக்கத்தில் நின்ற லாட்வியாக்காரி கண்ணை மூடிக்கொண்டு முகத்தை உயர்த்தினாள். நானும் உயர்த்தினேன். சூடு ஒன்றும் இல்லை, மைனஸ் 16. இருந்தும் கன்னத்தில் ஏதோ பட்டது போலிருந்தது. கோவில்பட்டியில் இருபத்தைந்து வருடம் வெயிலைத் திட்டிக்கொண்டே வளர்ந்தவள் நான். அன்று, என்னையும் அறியாமல் கையெடுத்துக் கும்பிட்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆளாளுக்கு அவரவர் வழியில் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள்.

ஏப்ரல் 20 வாக்கில் சூரியன் மறைவதையே நிறுத்திவிடும், ஆகஸ்ட் பிற்பாதிவரை. ஜன்னலுக்கு அலுமினியத் தாள் ஒட்டித் தூங்கினோம். ஆர்க்டிக் ஆலா என்ற பறவை தென்துருவத்திலிருந்து வந்து சாலையோரம் முட்டையிட்டுவிட்டு, போகிறவர் தலையைக் கொத்தும். குச்சி ஒன்றைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்கள். அழகான காலம்தான். ஆனால் என் கணவர் கோடையில் சிரிக்கமாட்டார். அவர் துளைபோட்டு வைத்திருந்த வெப்பமானிகள் எல்லாம் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தன. 2020 ஜூலையில் இங்கே 21.7 பாகை பதிவானது. குளிர்காலத்தில் உறைந்து கிடந்த விரிகுடாவில் இப்போது பல ஆண்டு திறந்த தண்ணீர்தான். 2015 டிசம்பர் 19 அன்று சுக்கர்டொப்பன் மலையிலிருந்து பனி சரிந்து பதினொரு வீடுகளை அடித்துக்கொண்டு போயிற்று. இரண்டு பேர் இறந்தார்கள், அதில் ஒரு குழந்தை. அந்தச் சரிவின் கீழிருந்த பல வீடுகளைப் பிறகு அரசே அகற்றியது. வீட்டுப் பஞ்சம் இன்னும் இறுகியது.

ஆய்வுத் திட்டம் முடிந்தபோது எங்கள் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தோம். இப்போது ட்ரோம்சோவில் இருக்கிறோம். இங்கே நான் மறுபடி கணக்கு சொல்லிக்கொடுக்க நார்வே மொழித் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். தீவில் எல்லாரும் ஆங்கிலம் பேசியதால் அங்கே அதற்குத் தேவையே வரவில்லை.

கிளம்ப நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தனியாள், உடம்பில் தெம்பு, கையில் சில ஆண்டு, இருட்டைப் பற்றிப் பயமில்லை என்றால் போய்வரலாம். இன்னொரு முறை கேட்டாலும் நான் போவேன். ஆனால் வேலையும் வீடும் எழுத்தில் கைக்கு வந்த பிறகே டிக்கெட் எடுங்கள். இரண்டு முறை நுழையும் ஷெங்கன் விசா இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். மருத்துவச் செலவுக்கும் திரும்பும் பயணத்துக்கும் பணம் தனியாக இருக்கட்டும். வெளிநாட்டில் வேரூன்றுவதுதான் நோக்கம் என்றால் அந்த ஊர் வேண்டாம்: ஸ்வால்பார்டில் எத்தனை ஆண்டு இருந்தாலும், நார்வேயின் நிரந்தரக் குடியிருப்புக் கணக்கில் அதில் ஒரு நாள்கூடச் சேராது.